வாசாவுக்குப் போகிற வழியில் மண்ணூர்

வடக்கு ஐரோப்பாவுக்குச் சென்று திரும்பும் தமிழ் எழுத்தாளர்களின் பயணக் கட்டுரைகளில் சமீப காலமாக ஒரு காட்சி தவறாமல் இடம்பெறுகிறது. பின்லாந்தின் மேற்குக் கரை, போத்னியா வளைகுடா, வாசா என்ற சிறு நகரம். ஊர் எல்லையில் ஒரு பெயர்ப்பலகை. மேலே பின்னிஷ் மொழியில் ஒரு பெயர், கீழே ஸ்வீடிஷ் மொழியில் இன்னொரு பெயர். நகரைத் தாண்டிப் பக்கத்து ஊருக்குள் நுழைந்தால் வரிசை மாறிவிடும். அங்கே ஸ்வீடிஷ் பேசுவோர் பெரும்பான்மை என்பதால் கோர்ஷோல்ம் என்ற ஸ்வீடிஷ் பெயர் மேலே ஏறும், முஸ்தசாரி என்ற பின்னிஷ் பெயர் கீழே இறங்கும். கட்டுரையாளர் இங்கே ஒரு கணம் நின்று நெகிழ்கிறார். மொழிகள் எப்படிச் சண்டையின்றி வாழ்கின்றன பாருங்கள் என்கிறார். பிறகு கடலிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 8 மில்லிமீட்டர் வீதம் எழுந்துகொண்டிருக்கும் குவார்க்கென் தீவுக்கூட்டத்தைப் பார்க்கப் படகு ஏறிவிடுகிறார். கட்டுரை முடிந்துவிடுகிறது.

இந்த நெகிழ்ச்சியின் மீது எனக்குக் கடுமையான விமர்சனம் இருக்கிறது. பார்த்தது பொய் என்பதல்ல என் குற்றச்சாட்டு. பார்த்ததிலிருந்து கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்கவில்லை என்பதே. அந்தப் பலகை இயற்கை அழகு அன்று. அது ஒரு சட்டத்தின் விளைவு. அந்தச் சட்டம் பெரும்பான்மையை நோக்கி எழுதப்பட்டது. அதைப் பாராட்டும் தமிழ் எழுத்தாளர் தன் மாநிலத்தில் பெரும்பான்மையைச் சேர்ந்தவர். சென்னையிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரத் தொலைவில், ஸ்ரீபெரும்புதூர் வட்டத்து மண்ணூரிலும், ஒரகடத்திலும், வல்லம் வடகாலிலும் இதே கேள்வி அவருக்காகக் காத்திருக்கிறது. அங்கே அவர் இறங்குவதில்லை.

முதலில் பின்லாந்தின் கதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஏனெனில் அது நம் கட்டுரைகளில் வருவது போன்ற தாலாட்டு அன்று.

ஸ்வீடிஷ் அந்நாட்டில் எளியோரின் சிறுபான்மை மொழியாகத் தொடங்கவில்லை. பல நூற்றாண்டுகள் அது ஆண்டவர்களின் மொழி, நீதிமன்றத்தின் மொழி, பல்கலைக்கழகத்தின் மொழி. பின்னிஷ் பேசிய குடியானவன் தன் வழக்கைத் தன் மொழியில் நடத்த முடியாத காலம் நெடுங்காலம். 1863இல் ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாந்தரின் ஆணைக்குப் பிறகுதான் இருபது ஆண்டு அவகாசத்தில் பின்னிஷ் சம நிலைக்கு வர வழி பிறந்தது. 1917இல் நாடு விடுதலை பெற்றது. 1918இல் உள்நாட்டுப் போர். பசியும் கசப்பும் நிறைந்த காலம். பெரும்பான்மைக்குப் பழைய கணக்கைத் தீர்த்துக்கொள்ள எல்லா நியாயங்களும் இருந்தன, அதிகாரமும் இருந்தது. அந்த நிலையில்தான் 1919ஆம் ஆண்டின் அரசியலமைப்பு இரு மொழிகளையும் தேசிய மொழிகள் என்று அறிவித்தது. 1922இல் மொழிச் சட்டம் வந்தது. ‘அவர்கள் பணக்கார நாடு, அவர்களுக்கு முடியும்’ என்று சொல்பவர்கள் இந்த ஆண்டுகளைக் கவனிக்க வேண்டும். சட்டம் வந்தபோது அது ஏழை நாடு.

இன்று நடைமுறையில் இருப்பது 2003இல் இயற்றப்பட்டு 2004 தொடக்கம் முதல் அமலில் இருக்கும் சட்டம். ஓர் உள்ளாட்சிப் பகுதியில் சிறுபான்மை மொழி பேசுவோர் 8 சதவீதமாகவோ 3000 பேராகவோ இருந்தால் அது இருமொழிப் பகுதி. அங்கே குடிமகன் எந்த மொழியில் பேசினாலும் அலுவலகம் அந்த மொழியில் பதில் சொல்லியாக வேண்டும். ஒருமுறை இருமொழிப் பகுதியாகிவிட்டால், அந்த எண்ணிக்கை 3000க்கும் கீழே, விகிதம் 6 சதவீதத்துக்கும் கீழே போனால்தான் அந்தத் தகுதி நீங்கும். நாடு முழுவதும் ஸ்வீடிஷ் பேசுவோர் இன்று ஏறத்தாழ 5 சதவீதம்.

சண்டையும் இல்லாமல் இல்லை. ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தின் மொழி எது என்று 1920களிலும் 1930களிலும் கடுமையாக மோதிக்கொண்டார்கள். எல்லா மாணவர்களும் ஸ்வீடிஷ் படித்தாக வேண்டுமா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. வடக்கே சாமி மக்களின் குழந்தைகள் விடுதிப் பள்ளிகளில் தம் மொழியை இழந்த கதை தனி. அதை விசாரிக்க 2021இல்தான் ஆணையம் அமைத்தார்கள். 1900 வாக்கில் 13 சதவீத அளவில் இருந்த ஸ்வீடிஷ் இன்று 5க்கு வந்திருக்கிறது. சட்டம் ஒரு மொழியைச் சாகாமல் காப்பாற்றும் மந்திரம் அன்று. ஆனால் அந்த மொழி பேசுபவன் தன் நாட்டில் அந்நியனாக உணராமல் இருக்க அது உதவியிருக்கிறது. அந்நாட்டின் தேசிய கீதம் முதலில் ஸ்வீடிஷில் எழுதப்பட்டது. எழுதியவர் இதே கரையில் யாகோப்ஸ்டாட் நகரில் பிறந்த ரூனெபெர்க். உலகமெங்கும் குழந்தைகள் பின்லாந்தின் அடையாளமாக அறிந்திருக்கும் மூமின் கதைகளைத் தூவே யான்சன் எழுதியதும் ஸ்வீடிஷில்தான். ஐந்து சதவீதத்தின் இலக்கியத்தைத் தன் இலக்கியம் என்று ஒரு நாடு சொல்லிக்கொள்கிறது.

இனி நம் கதைக்கு வருவோம். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டோர் 5.87 சதவீதம், அதாவது 42 லட்சத்துக்கும் மேல். பின்லாந்தின் ஸ்வீடிஷ்காரர்களைவிட விகிதத்திலும் சற்று அதிகம், எண்ணிக்கையில் பல மடங்கு. அவர்களும் பல நூற்றாண்டுக் குடிகள். நவீனத் தமிழ் உரைநடையின் முன்னோடிகளில் ஒருவரான கி. ராஜநாராயணன் அவர்களில் ஒருவர். ‘கோபல்ல கிராமம்’ அவர்கள் வந்து குடியேறிய கதைதான். நாம் கி.ரா.வைக் கொண்டாடினோம், கொண்டாடுகிறோம். ஆனால் அவர் வீட்டில் பேசிய மொழிக்கு இந்த மாநிலத்தின் பொதுவெளியில் என்ன இடம் என்ற கேள்வியை நம் இதழ்கள் எத்தனை முறை எழுப்பியிருக்கின்றன? மாநிலங்கள் மொழிவழி பிரிக்கப்பட்ட 1956இல் வகுக்கப்பட்ட அளவுகோலின்படி, சிறுபான்மை 30 சதவீதம் இருந்தால்தான் ஒரு பகுதி இருமொழிப் பகுதி. பின்லாந்தில் 8, இங்கே 30. இந்த இரண்டு எண்களுக்கு நடுவே உள்ள தூரத்தை விமானத்தில் கடந்துவிட முடியாது.

மண்ணூரின் பிரச்சினை இன்னும் புதியது, இன்னும் கூர்மையானது. 1990களின் இறுதியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் உற்பத்தியைத் தொடங்கியது. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா, 2007இல் சாம்சங், 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான், 2012இல் டைம்லர். நெல் விளைந்த வட்டத்தில் உலகம் வந்து இறங்கியது. பின்லாந்து நமக்குத் தூரத்து நாடு என்று யாரும் சொல்ல வேண்டாம். நோக்கியாவின் ஆலையில் பல ஆயிரம் பேர், பெரும்பாலும் இளம்பெண்கள், எட்டு ஆண்டுகள் வேலை செய்தார்கள். 2014 நவம்பர் 1 அன்று அது மூடப்பட்டது. பின்லாந்தின் கைப்பேசி நம் பெண்களின் கையால் உலகத்துக்குப் போனது. பின்லாந்தின் மொழிச் சட்டத்தைப் பற்றி அறிய மட்டும் நமக்குப் பயணக் கட்டுரை தேவைப்படுகிறது.

இன்று இந்தத் தொழில்தடத்தின் வாடகை வரிசை வீடுகளிலும் தகரக் கொட்டகைகளிலும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், அசாம் மாநிலத்து இளைஞர்கள் நிறைந்திருக்கிறார்கள். அவர்களை நாம் எந்தப் பெயரால் அழைக்கிறோம்? ‘இந்திக்காரன்.’ கொஞ்சம் கோபமிருந்தால் ‘வடக்கன்.’ இந்த ஒற்றைச் சொல்லில் நாம் செய்யும் காரியம் என்னவென்று யோசித்திருக்கிறோமா?

ஒடிசா 1936 ஏப்ரல் 1 அன்று மொழியின் அடிப்படையில் உருவான மாகாணம். ஆந்திரம் பிறப்பதற்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன்பே, வங்கமும் இந்தியும் தம் மொழியை விழுங்கிவிடும் என்று அஞ்சிப் போராடிப் பெற்ற நிலம் அது. அசாமின் சில்சரில் 1961 மே 19 அன்று வங்க மொழிக்காகப் பதினொரு பேர் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். நம் 1965க்கு நான்கு ஆண்டுகள் முன்பு. பீகாரிலிருந்து வருபவன் வீட்டில் பேசுவது போஜ்புரியாகவோ மைதிலியாகவோ மகஹியாகவோ இருக்கும். 2011 கணக்கெடுப்பு ஐந்து கோடிப் பேரின் போஜ்புரியை ‘இந்தி’ என்ற தலைப்பின் கீழ் எழுதிக்கொண்டது. ஜார்க்கண்டிலிருந்து வருபவன் சந்தாலியோ முண்டாரியோ பேசலாம். இந்தியின் பெருக்கத்தில் தன் மொழியை இழந்துகொண்டிருப்பவன் அவன். டெல்லியின் கணக்கெடுப்பு அலுவலகம் முடிக்காமல் விட்ட வேலையை மண்ணூர்த் தேநீர்க் கடையில் நாம் முடித்துவைக்கிறோம். இந்தி ஆதிக்கத்தை எதிர்க்கும் நாம்தான் சந்தால் இளைஞனை இந்திக்காரன் ஆக்குகிறோம்.

இதன் விளைவு வெறும் பெயரோடு நிற்கவில்லை. ஒடியாக்காரனும் வங்காளியும் தமிழ் மேற்பார்வையாளரும் ஒருவரோடொருவர் பேச ஒரு மொழி வேண்டும். தமிழை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆகவே மேற்பார்வையாளர் அரைகுறை இந்தி பேசக் கற்றுக்கொள்கிறார். மளிகைக்கடைக்காரர் கற்றுக்கொள்கிறார். அறை வாடகைக்கு விடும் அம்மாள் கற்றுக்கொள்கிறார். எந்தச் சட்டமும் திணிக்காமல், எந்த அரசாணையும் வராமல், தமிழ்நாட்டின் மிகப் பெரிய தொழில்தடங்களில் ஒன்றில் இந்தி தொடர்பு மொழி ஆகிக்கொண்டிருக்கிறது. திணிப்பவர் யாரும் இல்லாததால் எதிர்ப்பவரும் இல்லை. இதற்கு முழுப் பொறுப்பு தமிழை ஒரு கொடியாக மட்டுமே பார்க்கப் பழகி, அதை ஒரு புதியவனுக்குக் கற்பிக்கக்கூடிய மொழியாகப் பார்க்க மறந்த நம்முடையது.

அதே பின்லாந்துக் கரைக்குத் திரும்பிப் பாருங்கள். வாசாவுக்குத் தெற்கே நேர்ப்பெஸ் என்ற சிற்றூர், கண்ணாடிக் கூடங்களில் தக்காளி விளைவிக்கும் ஊர். அங்கே வேலைக்கு வந்த போஸ்னியர்களும் வியட்நாமியரும் எந்த மொழியைக் கற்றார்கள்? நாட்டின் பெரும்பான்மை மொழியான பின்னிஷை அன்று. அந்த ஊரின் மொழியான ஸ்வீடிஷை. குடியேறியவர் இரண்டில் எந்த மொழி வழியாகவும் அந்த நாட்டுக்குள் நுழையலாம் என்பது அங்கே ஏற்பாடு. மூன்று லட்சம் பேர்கூட இல்லாத ஒரு மொழி, வியட்நாமிலிருந்து வந்தவனைத் தன்னவன் ஆக்கிக்கொள்ளும் தெம்போடு இருக்கிறது. ஏழு கோடிப் பேரின் மொழியால் கட்டாக்கிலிருந்து வந்தவனைத் தன்னவன் ஆக்க முடியவில்லை. நம் பயணக் கட்டுரையாளர் கண்டு நெகிழ்ந்திருக்க வேண்டியது இதைத்தான், அல்லது வெட்கப்பட்டிருக்க வேண்டியது.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். கேரளத்தில் எழுத்தறிவு இயக்கம் 2017இல் பெரும்பாவூரில் ‘சங்ஙாதி’ என்ற திட்டத்தைத் தொடங்கிப் புலம்பெயர் தொழிலாளிகளுக்கு மலையாளம் கற்பித்தது. அதற்கெனப் பாடநூல் தயாரித்தது. அதே ஆண்டு எர்ணாகுளம் மாவட்ட நிர்வாகம் அவர்களின் குழந்தைகளுக்காக ‘ரோஷ்னி’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறையும் அண்மையில் புலம்பெயர் தொழிலாளர் குழந்தைகளுக்குத் தமிழ் கற்பிக்க முனைந்திருக்கிறது. வரவேற்க வேண்டிய காரியம். ஆனால் பன்னிரண்டு மணி நேரம் இயந்திரத்தின் முன் நிற்கும் தகப்பனுக்கு யார் கற்பிப்பது?

இங்கே சில நண்பர்கள் எழுப்பக்கூடிய ஆட்சேபங்களை எதிர்கொண்டாக வேண்டும்.

முதலாவது: ஸ்வீடிஷ் பேசுவோர் பின்லாந்தின் பழங்குடிகள், மண்ணூரின் ஒடியா இளைஞன் நேற்று வந்தவன், இருவரையும் ஒரே தட்டில் வைக்கலாமா? கூடாது. நானும் வைக்கவில்லை. ஒடியாவைத் தமிழ்நாட்டின் ஆட்சிமொழியாக்கச் சொல்லவில்லை. பழங்குடிக்குரிய உரிமை வேறு, வந்தவனுக்குரிய உரிமை வேறு. ஆனால் வந்தவனுக்கு உரிமையே இல்லை என்று எந்த நியாயமும் சொல்லவில்லை. அழுத்து இயந்திரத்தின் மீது ஒட்டியிருக்கும் எச்சரிக்கையைப் படித்துப் புரிந்துகொள்ளும் உரிமை கலாச்சாரச் சலுகை அன்று, அது விரல்களின் உரிமை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 108ஆம் பிரிவில், அறிவிப்புகள் ஆங்கிலத்திலும் ‘தொழிலாளர்களில் பெரும்பான்மையினருக்குப்’ புரியும் மொழியிலும் இருக்க வேண்டும் என்றது. 2025 நவம்பர் 21 முதல் அச்சட்டத்தின் இடத்துக்குப் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. ஆனால் அந்தப் பழைய சொற்றொடரின் மனப்பான்மை நம்மை விட்டுப் போகவில்லை. பெரும்பான்மைக்குப் புரிந்தால் போதும். மீதிப் பேர்? அவர்களின் கை நசுங்கினால் எந்த மொழியில் கத்துவார்கள் என்று சட்டத்துக்குக் கவலையில்லை.

இரண்டாவது: இவர்கள் வருவதால் நம் பிள்ளைகளுக்கு வேலை போகிறது. இந்தக் கோபத்தின் பின்னால் உண்மையான வலி இருக்கிறது. அதை ஏளனம் செய்ய மாட்டேன். நிலம் கொடுத்த கிராமத்தின் பிள்ளை ஒப்பந்தக் கூலியாக நிற்பது கொடுமை. ஆனால் ஒப்பந்ததாரர் ஏன் தொலைவிலிருந்து ஆள் கொண்டுவருகிறார்? கூலி குறைவு என்பதோடு, அவனால் பக்கத்தில் நிற்பவனிடம் பேச முடியாது என்பதும் காரணம். பேச முடியாதவன் சங்கத்தில் சேர மாட்டான். 2024 செப்டம்பர் 9 முதல் அக்டோபர் நடுப்பகுதி வரை முப்பத்தேழு நாட்கள் சாம்சங் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், சங்க அங்கீகாரத்தை முதன்மைக் கோரிக்கையாக வைத்து. 2021 டிசம்பரில் விடுதி உணவால் தோழிகள் நோயுற்றபோது ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தார்கள். ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரிந்ததால்தான் அவர்களால் ஒன்றுசேர முடிந்தது. மொழிச் சுவரால் ஆதாயம் பெறுபவர் ஒப்பந்ததாரர். அந்தச் சுவருக்குக் காவல் நிற்பது தமிழ்ப் பற்றும் ஆகாது, நம் பிள்ளைகளுக்குச் செய்யும் உதவியும் ஆகாது.

மூன்றாவது: சிறுபான்மை மொழிக்கு இடம் கொடுத்தால் பின்வாசல் வழியாக இந்தி வந்துவிடும். வந்துகொண்டிருக்கிறது என்பதையும், எந்த வாசல் வழியாக என்பதையும் மேலே சொல்லிவிட்டேன். ஒடியாவில் ஓர் அறிவிப்பும் சந்தாலியில் ஓர் அறிவிப்பும் இருக்கும் ஆலையில் இந்திக்கு என்ன வேலை? பன்மொழியை மறுக்கும் இடத்தில்தான் ஒற்றைப் பெருமொழி நுழைகிறது. இதை டெல்லிக்கு எதிராக எத்தனையோ மேடைகளில் சொன்னவர்கள் நாம்.

பெரும்பான்மை தவறிப்போனால் என்ன ஆகும் என்பதற்கும் நாம் வெளியே தேட வேண்டியதில்லை. 1956இல் இலங்கை நாடாளுமன்றம் சிங்களம் மட்டும் சட்டத்தை நிறைவேற்றியது. அங்கும் பெரும்பான்மைக்கு ஒரு பழைய மனக்குறை இருந்தது. ஆங்கிலம் படித்தவர்கள் தங்களைத் தாண்டிப் போய்விட்டார்கள் என்ற குறை. பின்லாந்துப் பெரும்பான்மையின் குறைக்கு அது பெரிதும் குறைந்ததல்ல. ஒரு நாடு 1922இல் ஒரு வழியைத் தேர்ந்தது, இன்னொன்று 1956இல் இன்னொன்றைத் தேர்ந்தது. தமிழும் ஆட்சிமொழி என்று 1987இல் இலங்கையின் அரசியலமைப்பில் எழுதப்பட்டபோது நாடு எரிந்துகொண்டிருந்தது. பெரும்பான்மையின் மனக்குறை எவ்வளவு நியாயமாக இருந்தாலும், அதைச் சட்டமாகவோ தெருவின் வழக்கமாகவோ ஆக்கும்போது என்ன நேரும் என்று உலகில் வேறு எவரையும்விடத் தமிழருக்குத் தெரிந்திருக்க வேண்டும். 2023 மார்ச்சில் வட மாநிலத் தொழிலாளிகள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் பொய்யான காணொளிகள் பரவியபோது அரசு விரைந்து மறுத்தது, வதந்தி பரப்பியவர்கள் மீது வழக்குப் போட்டது. சரியான செயல். ஆனால் அந்தப் பொய்யைக் கேட்ட தொழிலாளி உடனே நம்பி ரயிலேறினானே, ஏன்? நம்மோடு ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தும், ‘இது பொய்யா?’ என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் அளவுக்கு ஒரு தமிழ் நண்பன்கூட அவர்களில் பலருக்கு இல்லை. வதந்தி அந்த வெற்றிடத்தில்தான் பரவியது.

ஸ்ரீபெரும்புதூர் இராமானுசர் பிறந்த ஊர். வடமொழி வேதத்தையும் தமிழ்ப் பாசுரங்களையும் இரண்டு கண்களாகக் கொண்டு உபய வேதாந்தம் என்று தன்னை அழைத்துக்கொண்ட மரபு அவருடையது. வைணவக் கோயில் புறப்பாட்டில் பெருமாளுக்கு முன்னே அருளிச்செயல் கோஷ்டி போகும், பின்னே வேத பாராயண கோஷ்டி வரும். மேலே ஒன்று, கீழே ஒன்று என்று வாசாவின் பலகையில் கண்டு வியந்த ஒழுங்கு நம் தெருவில் நூற்றாண்டுகளாக நடந்துவருகிறது. முன்னே தமிழ் போகட்டும், அதில் எனக்கு மறுப்பே இல்லை. பின்னே ஒருவரும் வரக்கூடாது என்பதை மட்டும் அந்த மரபு சொல்லவில்லை.

செய்ய வேண்டியவை பெரிய தத்துவங்கள் அல்ல. பணி நியமனக் கடிதமும் கூலிச் சீட்டும் பாதுகாப்பு அறிவிப்பும் தொழிலாளி படிக்கும் மொழியில் இருக்க வேண்டும், தமிழோடு சேர்த்து. வேலை நேரத்துக்குள், கூலி பிடிக்காமல், வாரத்துக்குச் சில மணி நேரம் தமிழ் வகுப்பு வேண்டும். வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதியை 2024இல் கட்டித் திறக்க முடிந்த அரசுக்கு இது முடியாத காரியம் அன்று. ஆரம்ப சுகாதார நிலையத்தில் நோயாளி சொல்வதை மருத்துவருக்குச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். தாய்மொழியில் தொடக்கக் கல்விக்கு ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிற அரசியலமைப்பின் 350-அ பிரிவு மண்ணூர்க் குழந்தைக்கும் பொருந்தும்.

இலக்கியவாதிகளான நமக்குரிய பங்கு வேறு. ஸ்காண்டிநேவிய நாவல்களை ஆங்கிலம் வழியே மொழிபெயர்த்துச் சிறப்பிதழ் போடுகிறோம். நல்லது. ஒடியாவிலிருந்தும் சந்தாலியிலிருந்தும் நேரடியாக மொழிபெயர்க்கத் தேவையான மனிதர்கள் இப்போது நம் மாநிலத்திலேயே வசிக்கிறார்கள். அவர்களில் எழுதுபவர்கள் இருக்கலாம், பாடுபவர்கள் நிச்சயம் இருப்பார்கள். தேடிச் சென்று கேட்டவர் எத்தனை பேர்? அடுத்த முறை வாசாவின் பெயர்ப்பலகை முன் நின்று எழுதப்போகும் நண்பரிடம் என் வேண்டுகோள் இதுதான். போய் வாருங்கள், எழுதுங்கள். ஆனால் அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆலைகளுக்கு விடுமுறை நாளில், தண்டலத்தில் இறங்கி மண்ணூர் வரை போய்விட்டு வாருங்கள். எதிரே வருபவனிடம் அவன் ஊரைக் கேட்காதீர்கள், அவன் அம்மா பேசும் மொழி எது என்று கேளுங்கள். அவன் சொல்லும் பதில் இந்தியாக இருக்காது.